ஓமன் கடிதத்துக்காக கங்கம்மாவைத் திட்டினேன்

என் தம்பிக்கு ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீர். அதுவும் சின்ன டம்ளர். மாத்திரை போடுவதும் அதில்தான், காபியும் அந்தக் கணக்கில்தான். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. உள்ளே போகிற தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் நெஞ்சில் ஏறி மூச்சை அடைத்துவிடும். திருப்பதி வெயிலில் ஷேர் ஆட்டோ ஓட்டிவிட்டு வந்து, ஒரே மூச்சில் ஒரு சொம்பு தண்ணீரைக் காலி பண்ணுகிறவன் அவன். அப்படிப்பட்டவன் ஒரு ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொண்டு, அது கரைந்துவிடக் கூடாதே என்று பேசாமல் உட்கார்ந்திருப்பான். அதைப் பார்த்துவிட்டு ஊருக்கு வந்தால் என் வீட்டுத் தண்ணீர்ப் பானையை எட்டி உதைக்கத் தோன்றும்.

அம்மனை நம்புகிற அக்கா தங்கைகளே, அண்ணன் தம்பிகளே, என் பெயர் ரேணுகா. பிறந்தது திருப்பதி, வாழ்க்கைப்பட்டது நகரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பவர்லூம் ஷெட்டில் வேலை செய்கிறேன். தறிச் சத்தத்தில் பேசிப் பேசி என் குரல் பெரிதாகிவிட்டது. வீட்டில் மெதுவாகப் பேசினாலும் தெருவுக்குக் கேட்கும் என்பார்கள். சாமியிடம் பணிவாகத்தான் கேட்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படியுங்கள். நானும் பணிவாகத்தான் கேட்டேன். பதினெட்டாம் நாள் வரை கேட்டேன். பத்தொன்பதாம் நாள்தான் வாயைத் திறந்தேன்.

தம்பி பெயர் வேலு. எங்கள் அப்பா, நைனா என்போம், அவர் போன பிறகு நான்தான் அவனைத் தூக்கி வளர்த்தேன். வாரத்துக்கு மூன்று நாள் அவனுக்கு டயாலிசிஸ். இரண்டு வருஷம் அப்படியே ஓடியது. போன ஆடி மாதம் டாக்டர் கூப்பிட்டு, இதயம் பலவீனமாகிக்கொண்டு போகிறது, யாராவது சிறுநீரகம் கொடுத்தால்தான் உண்டு என்றார். அவன் மனைவி சுமதி முதல் ஆளாக ஓடினாள். ரத்த வகை ஒத்துவரவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை. மிச்சம் நான். ஒரு மாதம் என்னென்னவோ பரிசோதனை செய்தார்கள். எல்லாம் பொருந்தியது. நர்ஸ் அதைச் சொன்னபோது பரீட்சையில் பாஸான மாதிரி கையைத் தட்டிவிட்டேன்.

அப்புறம்தான் ஆஸ்பத்திரியில் ஃபைல் பார்க்கிற அம்மா ஒரு காகிதத்தைக் காட்டினார். "உங்க ஹஸ்பண்ட் சம்மதக் கடிதம் வேணும்மா. ஒரிஜினல்."

"அவரு ஓமன்ல இருக்கறாரும்மா."

"அப்ப அங்க இருக்கற இண்டியன் எம்பசில கையெழுத்து போட்டு, சீல் வாங்கி அனுப்பணும். வாட்ஸ்அப்ல வர்ற போட்டோ எல்லாம் செல்லாது. அனுமதி குடுக்கற கமிட்டி மாசத்துக்கு ஒரு வாட்டிதான் கூடும். அதுக்கு முந்தின நாள் பேப்பர் என் கையில இருக்கணும்."

என் உடம்பு. என் தம்பி. கையெழுத்து மட்டும் ஓமனில் இருக்கிறவருடையது! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் கோபப்பட்டு ஃபைல் நகராது என்று வாயை மூடிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் பெயர் முனிரத்தினம். அங்கே ரோடு போடுகிற கம்பெனியில் ரோலர் ஓட்டுகிறார். மஸ்கட்டிலிருந்து பல மணி நேரம் தள்ளி, மணலுக்கு நடுவில் கேம்ப். போனில் விஷயத்தைச் சொன்னதும் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார். "உன் உடம்பு, உன் தம்பி. இதுக்கு நான் எதுக்கு ரேணு கையெழுத்து போடணும்? கேக்கறாங்கன்னா போடறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவருக்கு ஆயுசு முழுக்கச் சோறாக்கிப் போடலாம்.

ஒரு வியாழக்கிழமை லீவு வாங்கிக்கொண்டு, கம்பெனி வேனில் மஸ்கட் போனார். எம்பசியில் சீல் வாங்கினார். வெளியே வந்தால் கூரியர் கடை மதியத்துக்குச் சாத்தியிருக்கிறது. வேன் டிரைவர் ஹார்ன் அடித்துக்கொண்டு நிற்கிறான். பக்கத்தில் தபால் ஆபீஸ் திறந்திருந்தது. ஒரு கவர் வாங்கி, அட்ரஸ் எழுதி, ரிஜிஸ்டர் போட்டுவிட்டு ஓடி வந்து ஏறிவிட்டார். "பத்து பன்னண்டு நாள்ல வந்துடுமாம். நிம்மதியா இரு" என்றார்.

கமிட்டிக்கு அன்றைக்கு மூன்று வாரம் இருந்தது. நானும் நிம்மதியாகத்தான் இருந்தேன்.

கடிதம் எங்கே வருகிறது என்று நம்பரைப் போட்டுப் பார்க்கலாமே என்று நகரி தபால் ஆபீசில் சொன்னார்கள். ரசீதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். வந்த போட்டோவைப் பார்த்தால் ஒரு கருப்புத் துண்டு. ரசீதை வேனில் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறார். அந்த ஊர் வெயிலில் மிஷின் காகிதம் முழுக்கக் கருத்துப்போய், ஒரு எழுத்து தெரியவில்லை. என்ன செய்ய? அவரைத் திட்டினேன். அது வேறு திட்டு, அதை இங்கே எழுத முடியாது.

எட்டாம் நாளிலிருந்து தினமும் ஷெட்டுக்குப் போகும் முன் தபால் ஆபீஸ். கவுண்டரில் ஒரு தெலுங்கு அம்மா. என்னைத் தூரத்தில் பார்க்கும்போதே தலையை ஆட்டுவார். "இங்க்கா ராலேதம்மா." இன்னும் வரவில்லையாம். வெளிநாட்டுக் கடிதம் வர எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். பத்து நாளிலும் வரும், ஒரு மாதமும் ஆகும், எங்கள் கைக்கு வந்தால்தான் எங்களுக்கே தெரியும் என்றார். ஷெட்டில் ஒருத்தி, அவள் அண்ணன் துபாயிலிருந்து போட்ட கடிதம் ஏழே நாளில் வந்தது என்றாள். இன்னொருத்தி, அவள் பெரியப்பாவுக்கு வந்த கடிதம் அவர் கருமாதிக்கு வந்து சேர்ந்தது என்றாள். வாயில் நல்ல வார்த்தையே வராதா இவளுக்கு என்று அன்றைக்கு அவளோடு பேசவில்லை.

பதினான்காம் நாள் என் மாமியார் ஆரம்பித்தார். அவருக்கு நான் கொடுப்பதில் முதலிலிருந்தே இஷ்டமில்லை. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இரண்டு பிள்ளைகளை யார் பார்ப்பது என்கிற பயம். "பாரு ரேணுகா, சாமிக்கே இஷ்டம் இல்ல. அதான் கடுதாசிய நடுவுல நிறுத்திகினு இருக்குது. நீ புடிவாதம் புடிக்காத" என்றார்.

"நிறுத்தினா நேர்ல வந்து நிறுத்தட்டும் அத்தை. கடுதாசி லேட்டாவறதெல்லாம் சாமி பேசற பேச்சா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். கேட்டுவிட்டேனே தவிர, அன்றைக்குப் படுத்தால் அதே வார்த்தை காதில் சுற்றிக்கொண்டிருந்தது. ஒருவேளை அம்மன் நிஜமாகவே வேண்டாம் என்கிறாளோ?

வீட்டுக்காரரிடம் இன்னொரு கடிதம் வாங்கி அனுப்பச் சொன்னேன். கம்பெனியில் லீவு தரவில்லை. எம்பசியில் அடுத்த தேதியே கமிட்டிக்குப் பிறகுதான் கிடைத்தது. அந்தக் கவர் ஒன்றுதான் கதி. விளக்கு ஏற்றினேன். மஞ்சள் துணியில் முடிச்சுப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு "தாயே, நீதான் பார்த்துக்கணும்" என்று முணுமுணுத்தேன். எனக்கே கேட்காத குரலில் கேட்டேன்.

பதினெட்டாம் நாள் திங்கட்கிழமை. டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கும்போதே வேலுவுக்கு ரத்த அழுத்தம் இறங்கி, கண் செருகிவிட்டது. சுமதி போன் பண்ணி அழுகிறாளே தவிர அவளால் பேச முடியவில்லை. போட்டது போட்டபடி திருப்பதிக்கு ஓடினேன். நான் போவதற்குள் கண்ணைத் திறந்துவிட்டான். டாக்டரிடம், கமிட்டி இந்த மாதம் தவறினால் அடுத்த மாதம் பண்ணலாமா என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அதுவரைக்கும் தாங்குவான்னு என்னால சொல்ல முடியாதும்மா."

கமிட்டி வியாழக்கிழமை. பேப்பர் புதன்கிழமை சாயங்காலத்துக்குள் வேண்டும்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலையில் வேலு தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உதடு வெடித்திருந்தது. பஞ்சை நனைத்துத் துடைத்துவிட்டேன். புரட்டாசி மாதம், ஊரெல்லாம் கோவிந்தா கூட்டம். மலைக்குப் போய் பெருமாளிடம் கேட்கட்டுமா என்றேன்.

"அவர் கிட்ட க்யூல நிக்கவே ரெண்டு நாள் ஆவும்" என்று சிரித்தான். "கங்கம்மா கிட்ட போக்கா. போய் நல்லா திட்டிட்டு வா."

"இது ஜாத்திரை இல்லடா. புரட்டாசிடா."

"நம்ம தெருக்காரி தானே. எப்ப திட்டினா இன்னா?"

திருப்பதிக்காரர்களுக்கு இது தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வருஷா வருஷம் கோடையில் கங்கம்மா ஜாத்திரை ஒரு வாரம் நடக்கும். உடம்பெல்லாம் வெள்ளை மண்ணையோ கரியையோ பூசி, வேப்பிலை கட்டி, வேஷம் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் போவோம். அம்மனை வாய்க்கு வந்தபடி திட்டுவோம். காது கூசுகிற வார்த்தையெல்லாம் வரும். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், அந்தத் திட்டுதான் அவளுக்கு நேர்த்தி. ஒளிந்துகொண்ட கொடுமைக்காரன் ஒருவனை வெளியே இழுக்க அம்மன் வேஷம் மாற்றி மாற்றித் திட்டிக்கொண்டே தேடினாள் என்று கதை சொல்வார்கள். சின்ன வயசில் நானும் வேலுவும் மண்ணைப் பூசிக்கொண்டு, யார் அதிகம் திட்டுவது என்று போட்டி போடுவோம். ஆனால் அந்த வாரம் முடிந்தால் வாயைக் கழுவிவிட வேண்டும். மற்ற நாளில் அவளிடம் கைகட்டித்தான் நிற்பது.

நான் மற்ற நாளில் போனேன். வேஷம் இல்லை, மண் இல்லை. முந்தின நாள் கட்டின கசங்கின புடவை. செவ்வாய்க்கிழமை என்பதால் கோயிலில் பத்துப் பதினைந்து பெண்கள் இருந்தார்கள். பூசாரி தீபம் காட்டினார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்குக் கை எழவில்லை.

"ஏய் கங்கம்மா!"

தறி ஷெட்டில் கூப்பிடுகிற குரலில்தான் வந்தது. பூசாரி கையில் இருந்த தட்டு ஆடியது.

"இன்னா பண்ணிகினு இருக்கற நீ? எல்லைய காக்கறவ, எல்லைய காக்கறவன்னு பேரு மட்டும் வெச்சிகினு குந்திகினு இருக்கியே, எல்லை தாண்டி ஒரே ஒரு கடுதாசி கொண்டார துப்பு இல்லையா உனக்கு? உன்ன கடல் தாண்டி போகவா சொன்னேன்? வர்றதுக்கு வழி உடுன்னு தானே சொன்னேன்!"

ஒரு பாட்டியம்மா என் தோளைப் பிடித்தார். உதறிவிட்டேன்.

"மலை மேல பெருமாள்னு உனக்கு ஒரு அண்ணன் இருக்கறாரு. வருஷா வருஷம் ஜாத்திரைக்கு உனக்கு சீரு வருது. பொடவ வருது, மஞ்சா குங்குமம் வருது. ஒரு வருஷம் தவறிச்சா? ஒரு நாள் லேட்டாச்சா? உனக்கு மட்டும் கூடப்பொறந்தவன் வேணும், எனக்கு வேணாமா? என் தம்பி உதடு வெடிச்சு கெடக்கறான்டி அங்க! ஒரு வாய் தண்ணி குடிக்க முடியல அவனால. நீ இங்க குடம் குடமா அபிஷேகம் பண்ணிகினு இருக்கற!"

கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, குரல் மட்டும் இறங்கவில்லை.

"நாங்க இன்னா தப்பு பண்ணோம்? என்ன அறுக்க நான் ஒத்துகினேன். என் புருஷன் ஒத்துகினாரு. அம்மாம் தூரம் போயி, சீல் வாங்கி, அட்ரஸ ஒழுங்கா எழுதி..."

அங்கே நின்றுவிட்டேன். அட்ரஸை ஒழுங்காக எழுதினாரா?

பத்தொன்பது நாள். போஸ்ட் ஆபீசைக் கேட்டேன், ஷெட்டில் கேட்டேன், சாமியைக் கேட்டேன். கவர் மேல் என்ன எழுதினீர்கள் என்று அவரை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. சொந்த வீட்டு அட்ரஸ் தெரியாமலா இருக்கும் ஒரு மனுஷனுக்கு?

கோயில் வாசலிலேயே போன் போட்டேன். ரோலர் சத்தத்துக்கு நடுவில் எடுத்தார்.

"கவர் மேல இன்னா எழுதினீங்க? அப்படியே சொல்லுங்க."

"ஏன், ஸ்கூல்ல சொல்லிக் குடுத்த மாதிரிதான் எழுதினேன். உன் பேரு, தெரு, ஊரு. அடித்தல் திருத்தல் எதுவும் இல்ல."

"பின்கோடு?"

ஆறு எண்ணையும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார். ஆறு, மூன்று என்று ஆரம்பித்தது. எங்கள் பக்கத்துப் பின்கோடு ஐந்து, ஒன்று, ஏழு என்று ஆரம்பிக்கும்.

"அது எந்த ஊருது?"

ஆறு எண்ணையும் இன்னொரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். அப்புறம், "ஐயோ ரேணு... அது பள்ளிப்பட்டுது" என்றார்.

எங்கள் எல்லைக் கிராமத்துப் பிள்ளைகள் தமிழில் படிக்க வேண்டும் என்றால் ஆந்திரா எல்லையைத் தாண்டி, தமிழ்நாட்டில் இருக்கிற பள்ளிப்பட்டுக்குத்தான் பஸ் ஏறுவார்கள். இவரும் அங்கேதான் படித்தார். கடிதம் எழுதுக என்று பரீட்சையில் கேள்வி வரும். பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பெயரைப் போட்டு, அதற்குக் கீழே பள்ளிப்பட்டுப் பின்கோட்டைப் போட்டு எழுதிப் பழகியிருக்கிறார்கள். வாத்தியாரும் மார்க் போட்டிருக்கிறார். அதற்குப் பிறகு இவர் வாழ்க்கையில் கடிதமே எழுதியதில்லை. எல்லாம் போன்தான், பாஸ்போர்ட் ஃபாரம்கூட ஏஜெண்ட் எழுதினதுதான். வேன் ஹார்ன் அடிக்கிற அவசரத்தில், நாற்பத்தைந்து வயசு மனுஷன் பத்தாங்கிளாஸ் பரீட்சைக் கடிதத்தை எழுதி எனக்கு அனுப்பிவிட்டார்!

திரும்பி கங்கம்மாவைப் பார்த்தேன். பேச நேரம் இல்லை. ஓடினேன்.

திருப்பதியிலிருந்து நகரி, நகரியிலிருந்து பள்ளிப்பட்டு. பக்தர்கள் கூட்டத்தில் பஸ் கிடைக்கவே முக்கால் மணி நேரம் ஆனது. புத்தூர் வரை நின்றுகொண்டே போனேன். வழியெல்லாம் ஒரே வேண்டுதல்தான்: மூடிடக் கூடாது, மூடிடக் கூடாது. பள்ளிப்பட்டில் இறங்கி, விசாரித்து, தபால் ஆபீசுக்குள் நுழைந்தபோது கவுண்டரில் இருந்தவர் கணக்கை முடித்துக்கொண்டிருந்தார்.

"ஓமன்லேருந்து ஒரு ரிஜிஸ்டரு. ரேணுகான்னு பேருக்கு."

அவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார். பின்னால் இருந்த தபால்காரரைக் கூப்பிட்டார். தபால்காரர் ஒரு கட்டைப் பிரித்து ஒரு கவரை உருவினார். பழுப்புக் கவர். என் வீட்டுக்காரர் கையெழுத்து. மேலே பேனாவால் எழுதியிருந்தது: விலாசத்தில் அப்படி ஆள் இல்லை.

"அந்த ஆளு நான்தான். இதோ நிக்கறேன்" என்றேன்.

"அட, நீதானா அது?" என்றார் தபால்காரர். "இந்தப் பேருல இந்தப் பக்கம் மூணு ஊரு இருக்குதும்மா. மூணுலயும் சுத்தினேன். ஃபாரின்லேருந்து வந்த ரிஜிஸ்டராச்சே, இன்னா அவசரமோன்னு. போன் நம்பர்கூட போடல. போன செவ்வாய்க்கிழமை வந்துச்சு. ஏழு நாள்தான் வெச்சிக்கலாம். நாளைக்கு காலைல திரும்ப ஓமனுக்கே போயிருக்கும்."

போன செவ்வாய்க்கிழமை. விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டாம் நாள். சொன்ன நாளில்தான் வந்திருக்கிறது! கடலைத் தாண்டி, நாட்டைத் தாண்டி சரியாக வந்து சேர்ந்து, என் வீட்டுக்கு இருபது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் ஒரு வாரமாக எனக்காக உட்கார்ந்திருந்தது. எல்லை தாண்டி ஒரு கடிதம் கொண்டுவர துப்பில்லையா என்று நான் கேட்டேன் பாருங்கள், அவள் பெரிய எல்லையைத் தாண்டிக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். பக்கத்து எல்லையில் கோட்டை விட்டது நாங்கள்.

கவுண்டரில் இருந்தவர் என் ஆதாரைப் பார்த்தார். "ஆந்திரா அட்ரஸா இருக்குது. முறைப்படி நகரிக்குத்தான் திருப்பி அனுப்பணும்மா. பை சென்னைக்கு போயி, அங்கேருந்து திருப்பதி போயி, நகரிக்கு வரும். நாலு நாள் ஆவும்."

"சார், ஓமன்லேருந்து இங்க வர பன்னண்டு நாளு. இங்கேருந்து பக்கத்து ஊருக்கு வர நாலு நாளா? நாலு நாள்ல என் தம்பி இருப்பானா இல்லையான்னே தெரியாது சார்."

ஃபைல் அம்மா கொடுத்திருந்த சீட்டை எடுத்துக் காட்டினேன். கதையைச் சொன்னேன். நான் சொன்னது தெருவுக்கே கேட்டிருக்கும். வெளியே இரண்டு பேர் நின்று எட்டிப் பார்த்தார்கள். அவர் கவரைத் திருப்பி, பின்னால் இருந்த அனுப்புநர் பெயரையும் ஆதாரில் இருந்த கணவர் பெயரையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். ஊர்ப் பெயரைப் பார்த்தார். பின்கோட்டைப் பார்த்து, "எந்த ஸ்கூல்ல படிச்சாரு உங்க வீட்டுக்காரரு?" என்றார். சொன்னேன். சிரித்துவிட்டார். "நானும் அங்கதான். இதே மாதிரிதான் எழுதி மார்க் வாங்கினேன். இங்க கையெழுத்து போடும்மா."

அவசரத்தில் என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி விழுந்தது.

புதன்கிழமை காலையில் ஃபைல் அம்மா அந்த சீலைத் தடவிப் பார்த்து உள்ளே வைத்தார். வியாழக்கிழமை கமிட்டி. நீளமான மேஜை, ஆறேழு பேர். யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினார்களா என்று தெலுங்கில் கேட்டார்கள். "இல்ல சார். நான்தான் எல்லாரையும் கட்டாயப்படுத்தினேன். சாமியையும் சேத்து" என்றேன். ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

ஐப்பசியில் ஆபரேஷன். எனக்கு மயக்கம் தெளிந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "மூத்திரம் வந்துச்சா அவனுக்கு?" என்பதுதானாம். நர்ஸ் பக்கத்து அறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பை நிறைகிறது என்றார். மூத்திரம் வந்ததற்காக ஆனந்தக் கண்ணீர் விட்டவர்கள் எங்கள் வம்சத்தில் நாங்கள்தான். நான் இந்தக் கட்டிலில், அவன் அந்தக் கட்டிலில், சுமதி நடுவில் இருந்த வராந்தாவில். என் மாமியார் ரசம் சாதத்தோடு வந்து என் காலடியில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் என் காலைத் தடவிக்கொண்டிருந்தார். "சாமி வேணாம்னு சொல்லல போலக்கீது" என்றார்.

"நான் தான் சொன்னேனே அத்தை" என்றேன். விட்டுக்கொடுக்க முடியுமா?

இந்தக் கதையைக் கேட்ட சிலர், இதில் அம்மன் எங்கே வந்தாள், உனக்கே ஞாபகம் வந்தது, நீயே ஓடினாய் என்கிறார்கள். சரி. அப்படியே இருக்கட்டும். பதினெட்டு நாள் எங்கே போயிருந்தது அந்த ஞாபகம்? விளக்கு ஏற்றி முணுமுணுத்தபோது வராதது, அவள் முன்னால் நின்று கத்தினபோது, பாதி வாக்கியத்தில் எப்படி வந்தது? அதுவும் கடைசி நாளில், கடைசி நேரத்தில்? என் வாயிலிருந்தே பதிலைப் பிடுங்கி என் கையில் கொடுத்தாள். எனக்கு இதில் சந்தேகம் இல்லை. உங்களுக்கு இருந்தால் அது உங்கள் பாடு.

இந்த வருஷம் ஜாத்திரைக்குப் போனேன். புரட்டாசியில் போட்ட திட்டுக்கு முறைப்படி வேஷம் கட்டி நேர்த்தி செலுத்தினேன். வெள்ளை மண் பூசி, வேப்பிலை கட்டி, இன்னும் நாலு திட்டு சேர்த்தே திட்டினேன். இந்தத் தடவை எல்லாம் சந்தோஷத் திட்டு. வேலுவைக் கூட்டத்தில் விடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கூட்டம் சேர்வதற்கு முன் விடியற்காலையில், முகத்துக்குத் துணி கட்டிக்கொண்டு தூரத்தில் நின்று கும்பிட்டான்.

நான் மாறித்தான் போயிருக்கிறேன். முன்பு சாமி கும்பிடுவது எனக்குப் பல் துலக்குகிற மாதிரி ஒரு வேலை. இப்போது அவளோடு பேசுகிறேன். சந்தோஷமோ கோபமோ, மறைத்து வைப்பதில்லை. ஷெட்டில் யாராவது, சாமி என்னைக் கைவிட்டுவிட்டது என்று மூலையில் உட்கார்ந்து அழுதால் எழுப்பி அனுப்புகிறேன். இங்கே என்னிடம் அழாதே, போய் அவளிடம் சொல், சத்தமாகச் சொல் என்கிறேன். உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். தாமதமாகிறது என்றால் வேண்டாம் என்று அர்த்தமில்லை. அடுத்த ஊரில் உங்களுக்காகக் காத்துக்கொண்டுகூட இருக்கும். நம்புங்கள். நம்புகிறவர்களுக்குத்தான் சண்டை போடும் உரிமை உண்டு. இல்லாதவளிடம் யார் சண்டை போடுவார்கள்? அப்புறம், கவர் மேல் பின்கோட்டையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை என் வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். வேலு ஆட்டோவை எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்திருக்கிறான். திருப்பதியிலிருந்து இங்கே வரை வெயிலில் ஓட்டி வந்ததில் சட்டையெல்லாம் நனைந்திருக்கிறது. வாசலில் செருப்பை விடும்போதே, "அக்கா, குடிக்க இன்னா இருக்குது?" என்று கேட்கிறான்.

"பானை அங்கதான்டா இருக்குது. எவ்ளோ வேணுமோ குடி."

சொம்பை முக்கி எடுக்கிற சத்தம் கேட்கிறது. ஒன்று குடித்துவிட்டான். இரண்டாவது சொம்பை முக்குகிறான்.